மந்திரியடி

ஏலத்தில் எடுத்தது முஸம்மில் ஹாஜியார்.
நிறுத்தது நான்.
சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கீழே,
சோளகம் ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை
டோர்பிடோப் படகு இலக்கம் நாற்பத்தொன்று
துண்டு துண்டாகத் தராசில் ஏறியது.

அலுமினியம் தனி. பித்தளை தனி.
செப்புக் கம்பியை உரித்த பிறகுதான் நிறுப்பேன்.
துருவுக்கும் உப்புக்குமாக நூற்றுக்கு எட்டுக் கழிவு.
இருபத்தாறு வருஷமாக இதுதான் என் கணக்கு,
ஹாஜியாரும் மறுத்துப் பேசியதில்லை.

படகோடு ஒரு சேவைப் புத்தகமும் வந்தது.
நீலத் துணி அட்டை, டீசல் மணம்.
தாள் கிலோ பதினெட்டு ரூபா.
குவியலில் எறியுமுன் புரட்டினேன்.
சிங்களம் எனக்கு வாசிக்க வரும்;
கந்தோர்க் கடிதமெல்லாம் அதில்தானே வந்தது.

இரண்டு குழாய்கள். இரண்டு டோர்பிடோக்கள்.
முதலாவதைக் கையளிப்பு விழாவன்று
ஒரு மந்திரி பார்க்க விட்டார்கள்.
ஓடவில்லை. கொட்டியாரக் குடாவில் தலைகுப்புற இறங்கியது.
மூதூர்க்காரர் அந்த இடத்தை மந்திரியடி என்பார்கள்,
அங்கே வலை சிக்கினால் அறுத்துவிட்டு வருவார்கள்.
பெயர் வந்த கதை எனக்கு அன்றுதான் தெரியும்.
இரண்டாவதைக் கழற்றிவிட்டு
குழாய்க்குள் வெங்காய மூட்டை அடுக்கினார்களாம்.
பிறகு வாக்குப்பெட்டி.
ஒருமுறை, தளபதியின் நாய்க்கு ஊசிமருந்து.

அதன்பின் கடலில் கோடு விழுந்தது.
யார் போட்டது என்று புத்தகத்தில் இல்லை.
கரையிலிருந்து இத்தனை மைல்,
இருட்டியபின் இல்லை, பாஸ் இல்லாமல் இல்லை.
சூடை கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் பட்டது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
"மூன்று நாற்பது. புறாமலைக்கு வடகிழக்கே சிறுகலம்.
விளக்கு இல்லை. எச்சரித்தோம்.
எண்பத்திரண்டு ரவைகள். கலம் தாழ்ந்தது.
எம் தரப்பில் சேதமில்லை."
அடுத்த வரி:
"சீனி முடிந்துவிட்டது."

திகதியைப் பார்த்தேன்.
அதற்கு முதல்நாள் பின்னேரம்
சாம்பல்தீவு பத்திநாதன்
வலைக்கு ஈயம் வாங்கினான் என்னிடம்.
நாலு கிலோ. முந்நூறு ரூபா குறைந்தது.
"பட்டால் நாளைக்கே தாறன் அக்கா."

அவனாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.
அந்த மாதம் மூன்று வள்ளங்கள் திரும்பவில்லை.
புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டு மணிபோல வீரக்கோன் வந்தார்,
குருநாகலிலிருந்து, பஸ் மாறி மாறி.
நாற்பத்தொன்றின் இயந்திர அறையில் ஒன்பது வருஷம்.
இலக்கத் தகடு வேண்டுமாம், அந்தப் பித்தளை.
தமிழில் தொடங்கினார்; பாதியில் நான் சிங்களத்துக்கு மாறினேன்.
"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார், கேட்காமலே.
"மேலே என்ன நடந்தாலும்
எங்களுக்குக் கீழே சத்தம் மட்டும்தான்."
வலது காது இப்போது கேட்பதில்லையாம்.

கேள்வி வாய்வரை வந்தது.
அவருடைய வலப்பக்கம் நின்றபடி
தராசைப் பார்த்தேன்.
ஒரு கிலோ நானூறு கிராம்.
விலையோடு முந்நூறு கூட்டிச் சொன்னேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தார்.
தகட்டைத் துவாயில் சுற்றி
ஒரு இறாத்தல் பாண் மாதிரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த முந்நூறு லாச்சியில் கிடக்கிறது.
ஹாஜியாரின் காசும் இல்லை, என்னுடையதும் இல்லை.
பழைய கொப்பியில் பத்திநாதனின் வரியை வெட்டப் போய்
பேனையை மூடிவிட்டேன்.

குழாய் ஒன்றுக்குக் கிண்ணியாவிலிருந்து லொறி வருவதாக இருந்தது,
வயல் மதகுக்காம். வரவில்லை.
மதிலில் சாய்த்து வைத்தபடியே
முதல் வாடை மழை வாய்வரை நிரப்பியிருக்கிறது.
பக்கத்து நாய் எட்டி நின்று குடிக்கிறது.

அதற்குக் கழிவு போட்டாயிற்று.
நிறுத்த பிறகு சேர்ந்த தண்ணீர்
எந்தக் கணக்கிலும் இல்லை.